கார் நேவிகேஷனும் நான் வெட்டிய ஒரு ஒயரும்

1/
வழக்கமா சுகர், பிரஷர், தடுப்பூசின்னு எழுதுற ஆள் நான். இன்னைக்கு கொஞ்சம் தடம் மாறி, என் காரோடு வந்த நேவிகேஷன் கருவியை நானே பிரித்து மேய்ந்த கதையைச் சொல்லப்போகிறேன். நீளமான திரெட். கார் வேலையில் ஆர்வம் உள்ளவர்களுக்கு உபயோகமான தகவல் கொஞ்சம் இருக்கு. அதில் ஆர்வம் இல்லாதவர்கள் நேரா 11ஆவது பதிவுக்குப் போய்விடலாம். நான் எழுத உட்கார்ந்ததே அதுக்காகத்தான். மீதி எல்லாம் அங்கே வந்து சேர்ந்த வழி.

2/
என் கார் 2013 மாடல். 2020இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். டாப் எண்டு வண்டி. டேஷ்போர்டு நடுவில் ஏழு அங்குலத் திரை, உள்ளேயே நேவிகேஷன், எஸ்டி கார்டில் மேப். வாங்கின புதுசில் பெருமையாகத்தான் இருந்தது. ஆனா மேப் 2013லேயே நின்றுபோயிருந்தது. எங்க ஊர் பைபாஸ் போட்டு வருஷக்கணக்கா ஆகுது. அதில் ஏறினால் போதும், திரையில் என் கார் கண்மாய்க்குள் நீந்திக்கொண்டே போகும். அந்த அம்மா குரல் மட்டும் விடாமல் "முடிந்தால் திரும்பவும்" என்று கெஞ்சிக்கொண்டே வரும்.

3/
"போன்ல கூகுள் மேப் போட்டுப் போக வேண்டியதுதானே டாக்டர்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனா என் போன் என் கையில் இல்லை, ஆஸ்பத்திரி கையில் இருக்கு. வழி பார்க்க ஸ்டாண்டில் மாட்டினால் நாலு கிலோமீட்டரில் மூணு போன் வரும். தவிர, கேம்ப் போகும் கிராமங்களில் பாதி இடத்தில் டவர் கிடையாது.

இங்கே ஒரு சின்ன விளக்கம். ஜிபிஎஸ்ஸுக்கு இன்டர்நெட் தேவையே இல்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் நேர சிக்னலைக் கருவி கேட்கிறது. நாலு செயற்கைக்கோளின் சிக்னல் ஒழுங்காகக் கிடைத்தால் இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். டவர் இல்லாத ஊரில் போனில் சிக்கல் ஜிபிஎஸ்ஸில் இல்லை, மேப் இறங்காததில்தான். காரிலேயே மேப் இருந்தால் அந்தத் தொல்லை கிடையாது. அதனால்தான் என் பழைய திரையை உயிர்ப்பிக்க ஆசைப்பட்டேன்.

4/
உசுப்பேத்தியது இன்னொரு விஷயம். 2023 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை. வண்டியை எடுக்கிறேன், திரையில் தேதி 2003 ஜூலை 27 என்று காட்டுது. கிழமை மட்டும் சரியாக ஞாயிறு! கையால் மாற்றினேன். செயற்கைக்கோள் சிக்னல் கிடைத்த அடுத்த நிமிஷமே திரும்ப 2003.

தேடிப் படித்தபோது அசந்துட்டேன். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் வருஷத்தை அனுப்புவதில்லை, வார எண்ணைத்தான் அனுப்பும். பழைய முறையில் அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 10 பிட். அதாவது 0 முதல் 1023 வரைதான் எண்ண முடியும். அதற்கு மேல் திரும்பவும் பூஜ்யம். நம்ம பழைய அம்பாசடர் கிலோமீட்டர் மீட்டர் சுற்றி முடித்து 00000 ஆகுமே, அதே கதைதான். 1999 ஆகஸ்டில் ஒரு தடவை, 2019 ஏப்ரலில் ஒரு தடவை இப்படிச் சுற்றி முடித்தது. சில கருவிகளில் தயாரித்தவர்கள் தங்கள் வசதிக்கு வேறொரு வாரத்தில் இருந்து எண்ண ஆரம்பித்திருப்பார்கள். அவற்றுக்கு வேறு ஏதோ ஒரு நாளில் இது நடக்கும். என் வண்டிக்கு அந்த நாள் அப்போது வந்திருக்கு. 1024 வாரம் பின்னால் போனால் 2003 ஜூலை. முழு வாரக்கணக்கு என்பதால் கிழமை மாறாது.

5/
சர்வீஸ் சென்டரில் கேட்டேன். "இந்த மாடலுக்கு இனி அப்டேட் வராது சார், புதுசா செட் மாத்திடுங்க" என்றார்கள். மாற்றியிருக்கலாம். ஆனா ஒரு நோயாளியைப் பார்த்து "வயசாயிடுச்சு, ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்கிற மாதிரி இருந்தது. ஈகோ என்றே வைத்துக்கொள்ளுங்கள். நானே பார்த்துக்கிறேன் என்று இறங்கிவிட்டேன்.

முதல் தப்பு முதல் நாளே. தேதியைச் சரிபண்ணும் ஆவேசத்தில் செட்டிங்ஸில் இருந்த "ஃபேக்டரி ரீசெட்"டை அமுக்கினேன். மெடிக்கல் காலேஜில் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள், கை வைக்கிறதுக்கு முன்னாடி ஹிஸ்டரி எடு, இருக்கிற நிலையைக் குறித்து வை என்று. நான் ஒன்றும் குறித்து வைக்கவில்லை. அமுக்கினேன். திரை அணைந்து எரிந்தது. தேதி அதே 2003. ஆனா சேமித்து வைத்திருந்த இடங்கள் அத்தனையும் காலி.

6/
அந்த இடங்கள் என்னுடையவை இல்லை. அப்பாவுடையவை.

அப்பா அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். 28 வருஷ சர்வீஸ். நான் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதெல்லாம் காரை எடுத்துக்கொண்டு சொந்தக்காரர் வீடு, விசேஷம், கோயில் என்று சுற்றுவார். போகிற இடத்தில் எல்லாம் அந்தத் திரையில் ஒரு புள்ளி வைப்பார். நாற்பத்தியொரு இடங்கள் இருந்தன. குலதெய்வம் கோயிலுக்குப் போகும் மண்பாதை எங்கே பிரியுது, தாத்தாவின் கிணறு எது, அவர் கூட வேலை பார்த்த கண்டக்டர் வீடு எந்தத் தெரு. எதுக்கும் முகவரி கிடையாது. கூகுளில் தேடினாலும் கிடைக்காது.

விஷயத்தைச் சொன்னேன். "சரி விடு" என்றார். அப்புறம் சாப்பிட உட்காரும்போது, "அந்தக் கிணறு இப்ப வேலிக்குள்ள போயிடுச்சுப்பா. அதான் குறிச்சு வெச்சேன்" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

7/
சரி, மேப்புக்கு வருவோம். அந்த எஸ்டி கார்டை லேப்டாப்பில் போட்டு இன்னொரு கார்டுக்குக் காப்பி எடுத்தால் வேலை செய்யாது. ஒவ்வொரு கார்டுக்கும் தொழிற்சாலையிலேயே எழுதிய ஓர் அடையாள எண் உண்டு. கருவியில் இருக்கும் மேப் நிரல் அந்த எண்ணைப் பார்த்துத்தான் திறக்கும். இதை உடைத்து திருட்டு மேப் ஏற்றித் தருகிறோம் என்று காசு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் நான் போகவில்லை. நீங்களும் போக வேண்டாம்.

நான் எடுத்த வழி வேறு. என் கருவி உள்ளே ஓடுவது விண்டோஸ் சிஇ. அந்தக் காலத்து கார் திரைகள் பலவற்றில் அதுதான். நேவிகேஷன் பட்டனை அமுக்கினால், கார்டில் குறிப்பிட்ட பெயரில் இருக்கும் நிரலை அது ஓட்டும். அதே பெயரில் வேறு நிரல் இருந்தால் அதையும் கேள்வி கேட்காமல் ஓட்டும். நாவிட் என்று ஒரு இலவச, திறந்த மூல நேவிகேஷன் நிரல் இருக்கு. விண்டோஸ் சிஇயிலும் ஓடும். மேப்புக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004இல் ஆரம்பித்தது, விக்கிப்பீடியா மாதிரி யார் வேண்டுமானாலும் தங்கள் ஊர்த் தெருவைச் சேர்க்கலாம், திருத்தலாம். அதில் நம்ம பகுதியை மட்டும் வெட்டி எடுத்து புது கார்டில் போட்டேன். ஒரிஜினல் கார்டைத் தொடவில்லை. பத்திரமா பீரோவில் இருக்கு.

8/
இதைப் படிக்க எளிதாகத் தெரியும். எனக்கு மூணு ஞாயிற்றுக்கிழமை ஆச்சு. ஜிபிஎஸ் சிப் எந்த போர்ட்டில் பேசுது, எந்த வேகத்தில் பேசுது என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி முயற்சி பண்ண வேண்டும். தப்பான வேகத்தில் கேட்டால் வெறும் குப்பை எழுத்துகள்தான் வரும். மூணாவது ஞாயிறு சாயங்காலம், வீட்டு வாசலில் நின்ற வண்டிக்குள் திரையில் எங்கள் தெருவும் அதில் ஒரு சின்ன அம்புக்குறியும் வந்தது. முதன்முதலா நானே பிரசவம் பார்த்த அன்று எப்படி இருந்ததோ, கிட்டத்தட்ட அப்படி இருந்தது. வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "நாம எங்க இருக்கோம்னு கண்டுபிடிக்க மூணு வாரமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

9/
அடுத்த பிரச்சினை சிக்னல். கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபிலிம் உலோகப் பூச்சு கொண்டது, அது ஜிபிஎஸ்ஸைத் தடுக்கும். காந்தம் வைத்த ஆன்டெனா ஒன்று வாங்கி, ஒயரை முன் கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண் வழியா மேலே கூரைக்குக் கொண்டுபோகலாம் என்று பிளாஸ்டிக் மூடியை நெம்பிக்கொண்டிருந்தேன். எதிர்க்கடை எலக்ட்ரீசியன் அண்ணன் ஓடி வந்து கையைப் பிடித்தார். "சார், அதுக்குள்ள ஏர்பேக் மடிச்சு வெச்சிருக்கான். மேல ஒயரை இழுத்தீங்கன்னா, அது விரியும்போது ஒயரும் ஆன்டெனாவும் உங்க மூஞ்சிக்குத்தான் வரும்."

கண் இமைக்கிற நேரத்துக்குள் விரிந்து முடிகிற பொருள் அது. அதற்குக் குறுக்கே ஒயர் இருந்தால் விரிய வேண்டிய விதத்தில் விரியாமலும் போகலாம். நானோ பேட்டரியைக்கூடக் கழற்றவில்லை. அன்றைக்கு அந்த அண்ணன் இல்லாமல் போயிருந்தால்? ஃபிலிமை உரித்தேன், ஆன்டெனாவை டேஷ்போர்டு மூலையிலேயே ஒட்டினேன். வேலை முடிந்தது.

10/
அடுத்து பேட்டரி. வண்டியை அணைத்தால் செட்டிங்ஸ் மறந்துபோகுது என்று, சாவி போட்டால் மட்டும் வருகிற லைனில் இருந்து மாற்றி, எப்போதும் கரண்ட் இருக்கும் லைனில் கருவியைக் கொடுத்தேன். வியாழக்கிழமை நிறுத்திய வண்டி திங்கள் காலை ஓபி டூட்டிக்கு எடுக்கும்போது "டக்" என்றது. அவ்வளவுதான்.

கணக்கு சிம்பிள். அரை ஆம்பியர் இழுத்தால் நாளைக்கு 12 ஆம்பியர் அவர். என் பேட்டரி 35. மூணு நாளில் முடிந்தது. நிறுத்திய வண்டி பொதுவா இழுப்பது இதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்கக் கூடாது. கொக்கிப்புழு வந்த நோயாளி மாதிரிதான். எங்கேயும் ரத்தம் கொட்டாது, வலிக்காது. சொட்டுச் சொட்டாகப் போய் ஒருநாள் ஹீமோகுளோபின் நாலில் வந்து நிற்பார். நான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் லேட்டாகப் போனேன். வரிசையில் நின்றவர்களுக்கு என்ன காரணம் சொல்ல முடியும்?

11/
இனிமேல்தான் விஷயம்.

இந்தத் திரைகளில் வெளியில் இருந்து வீடியோ கொடுக்க ஒரு இணைப்பு இருக்கும். ஆனா ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால்தான் படம் தெரியும். வண்டி ஓடும்போது தெரியாது. ஹேண்ட் பிரேக் ஸ்விட்சில் இருந்து வரும் ஒரு மெல்லிய ஒயர்தான் இதைக் கருவிக்குச் சொல்கிறது. பிரேக் போட்டால் அந்த ஒயர் எர்த் ஆகும். கருவிப் பக்கம் வரும் ஒயரை வெட்டி நிரந்தரமா பாடி எர்த்தில் முறுக்கிவிட்டால், வண்டி எப்போதும் நின்றுகொண்டிருப்பதாகக் கருவி நம்பும். அஞ்சு நிமிஷ வேலை. ஏமாற்றுகிற வேலை எல்லாமே எவ்வளவு சுலபமா இருக்கு பாருங்க.

எனக்கு ஒரு காரணம் இருந்தது, ரொம்ப கௌரவமான காரணம். போன் திரையை அப்படியே கார் திரையில் காட்டும் ஒரு சின்னப் பெட்டியை வாங்கி அந்த வீடியோ இணைப்பில் மாட்டினேன். ஆஸ்பத்திரியில் இருந்து சிஸ்டர் வாட்ஸ்அப்பில் இசிஜி அனுப்பினால், வண்டி ஓட்டிக்கொண்டே பார்த்து மருந்து சொல்லிவிடலாம் அல்லவா? நேரம் மிச்சம். உயிர் மிச்சம். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

12/
ஒரு ஞாயிறு. லீவு. அப்பாவைக் கூட்டிக்கொண்டு அழிந்துபோன இடங்களைத் திரும்பக் குறிக்கக் கிளம்பினோம். காலையில் இருந்து ஆறு இடம் முடித்தாச்சு. அப்பா நல்ல உற்சாகத்தில் இருந்தார். கிணற்றை வேலிக்கு வெளியே நின்றே குறித்தோம். அடுத்தது குலதெய்வம் கோயில். இரண்டு பக்கமும் கருவேலங்காடு, நேரான ரோடு, ஆள் நடமாட்டம் இல்லை. அறுபதில் போய்க்கொண்டிருந்தேன்.

திரையில் வாட்ஸ்அப். டூட்டி டாக்டர் அனுப்பிய இசிஜி. "சார், 52 வயசு, நெஞ்சு வலி. ஒரு ஒப்பினியன் வேணும்."

பார்த்தேன்.

அந்தப் பழைய வீடியோ இணைப்பின் தரத்தில் இசிஜி தாளின் சின்னக் கட்டங்கள் ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் கலங்கலா ஒரே ரோஸ் நிறம். எஸ்டி எலிவேஷன் இருக்கா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். தெரியாததால்தான் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். மொத்தம் மூணு செகண்ட் இருக்கும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர். மூணு செகண்டில் 50 மீட்டர். ஐம்பது மீட்டர் தூரத்துக்கு அந்த வண்டியில் டிரைவர் இல்லை.

13/
"டேய்!"

அப்பா என்னை "டேய்" என்று கூப்பிட்டு இருபது வருஷம் ஆச்சு. நிமிர்ந்தால் முன்னாடி ஒரு பெரியவர். மொபெட்டில் புல்லுக்கட்டு. மண்பாதையில் இருந்து ஏறி வந்து ரோட்டைக் கடக்கிறார். பிரேக்கில் ஏறி நின்றேன். வண்டி கடகடவென்று உதறி நின்றது. கதவைத் திறந்து இறங்கிப் பார்த்தேன். என் பம்பருக்கும் அவர் பின் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கும் இடம். அவ்வளவுதான்.

அவர் திட்டவில்லை. சரிந்த புல்லுக்கட்டை நேராக வைத்தார். "பாத்து வாங்க தம்பி" என்றார். ஸ்டார்ட் பண்ணிப் போய்விட்டார்.

அப்பா இறங்கி என் பக்கம் சுற்றி வந்தார். "நீ அந்தப் பக்கம் உக்காரு" என்றார். சாவியை வாங்கிக்கொண்டார். கோயில் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திய பிறகு நான் டூட்டி டாக்டருக்கு போன் பண்ணினேன். "சார், லீட் எல்லாம் திரும்ப எடுத்துப் பாத்தேன், ஆன்டீரியர் வால் எம்ஐதான். லோடிங் டோஸ் கொடுத்து 108ல ஏத்தி காலேஜுக்கு அனுப்பிட்டேன்" என்றது அந்தப் பொண்ணு. அவளுக்கு என் மூணு செகண்ட் தேவையே பட்டிருக்கவில்லை.

14/
நண்பர்களே, விபத்தில் அடிபட்டு வருகிறவர்களுக்கு ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர் எழுதுவது எங்கள் அன்றாட வேலை. இத்தனை வருஷத்தில் எத்தனை எழுதியிருப்பேன் என்று கணக்கே இல்லை. எப்படி ஆச்சு என்று கேட்டால் கூட வந்த டிரைவர்கள் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான். "திடீர்னு குறுக்க வந்துட்டாரு சார்."

அன்றைக்கு அடித்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பொய் சொல்வதாக நினைத்துக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன். எனக்கு அவர் நிஜமாகவே திடீரென்றுதான் வந்தார். ஆனா அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவரைப் பாதை முனையில் இருந்தே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் வேகத்தைக் குறைப்பேன் என்று காத்திருந்திருக்கிறார். "பாக்குறேன்னுதான்டா நெனச்சேன்" என்றார் ராத்திரி. அவர் சொன்னது அது ஒன்றுதான்.

ஓபியில் ஹெல்மெட் போடாத பையன்களை நிற்க வைத்து வகுப்பெடுக்கிறவன் நான்.

15/
அடுத்த நாள் டூட்டி முடிந்து முதல் வேலையாக அந்த ஒயரைப் பிரித்தேன். வெட்டிய இரண்டு முனையையும் சேர்த்து சால்டர் வைத்து, மேலே ஸ்லீவ் போட்டு மூடினேன். அந்தப் பெட்டியைக் கழற்றி எடுத்தேன். ஹேண்ட் பிரேக்கை இறக்கியதும் படம் போனது. நிம்மதியா இருந்தது.

அந்தத் தடையை வைத்தவன் என்னைத் தொந்தரவு பண்ண வைக்கவில்லை. என்னை மாதிரி ஒரு ஆள், என் காரணம் மாதிரியே ஒரு நல்ல காரணத்தோடு வருவான் என்று தெரிந்துதான் வைத்திருக்கிறான். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2020 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கும் மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, ஓட்டும்போது கையடக்கக் கருவிகளை வழி பார்க்க மட்டுமே பயன்படுத்தலாம், அதுவும் கவனம் சிதறாத வகையில். இசிஜி பார்க்கலாம் என்று அதில் எங்கேயும் இல்லை.

16/
நீங்களும் உங்கள் பழைய வண்டித் திரையைத் தோண்டப் போகிறீர்கள் என்றால், என் அனுபவத்தில் சில:

அ) முதலில் ஒவ்வொரு செட்டிங்ஸ் பக்கத்தையும் போட்டோ எடுங்கள். சேமித்த இடங்களைத் தாளில் எழுதுங்கள். அதற்குப் பிறகு கை வையுங்கள்.
ஆ) ஒரிஜினல் கார்டில் எதையும் மாற்றாதீர்கள். புது கார்டில் விளையாடுங்கள்.
இ) பேனலைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, உங்கள் வண்டி மேனுவலில் சொன்ன நேரம் காத்திருங்கள். மஞ்சள் நிறக் கனெக்டர் தெரிந்தால் அது பெரும்பாலும் ஏர்பேக் சம்பந்தப்பட்டது. தொடாதீர்கள்.
ஈ) ஏர்பேக் இருக்கும் தூண், கூரை ஓரம் வழியா ஒயர் இழுக்காதீர்கள்.
உ) புதுசா எடுக்கும் எந்த லைனுக்கும் சரியான அளவு ஃபியூஸ் போடுங்கள். முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம். தளர்ந்தால் சூடாகும், சூடானால் எரியும்.
ஊ) சாவியோடு அணையும் லைனில் மட்டும் கொடுங்கள்.
எ) ஹேண்ட் பிரேக் ஒயர். அதைத் தொடாதீர்கள். கடைக்காரரே "ஃப்ரீயா பைபாஸ் பண்ணித் தரேன் சார்" என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள்.
ஏ) போக வேண்டிய இடத்தை வண்டி நிற்கும்போதே போடுங்கள். ஓடும்போது குரலைக் கேட்டால் போதும்.

17/
இப்போது என்ன நிலைமை? வண்டியில் தேதி இன்னும் தப்புதான், 2003ஐத் தாண்டி அதன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கு. அதைச் சரிபண்ணும் வித்தை எனக்குக் கைவரவில்லை, விட்டுவிட்டேன். ஆனா பைபாஸ் வந்துவிட்டது, கார் கண்மாயில் நீந்துவதில்லை. ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்: நான் ஓட்டும்போது படம் அனுப்பாதீர்கள், கூப்பிடுங்கள், ஓரமா நிறுத்தி நானே பேசுகிறேன்.

இன்னொரு நல்லதும் நடந்தது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எங்கள் பக்கத்துத் துணை சுகாதார நிலையங்கள் பல இல்லவே இல்லை. கேம்ப் போகும்போது ஒவ்வொன்றாகக் குறித்து, வீட்டுக்கு வந்து சேர்த்துக்கொண்டிருக்கிறேன். கிராம சுகாதார செவிலியர்கள் "சார், எங்க சென்டர் வந்துடுச்சா?" என்று கேட்கிறார்கள். உங்கள் ஊரில் இல்லை என்றால் நீங்களும் சேர்க்கலாம். ராத்திரியில் வழி தெரியாமல் வருகிற ஒரு வண்டிக்கு உதவும்.

18/
அப்பாவின் இடங்களில் இதுவரை இருபத்தொன்பது திரும்ப வந்தாச்சு. கண்டக்டர் மாமா போன வருஷம் இறந்துவிட்டார், ஆனாலும் அந்த வீட்டைக் குறிக்கச் சொன்னார். மீதி பன்னிரண்டில் சிலது அவருக்கே ஞாபகம் இல்லை. "போனா தெரியும்" என்கிறார். அதனால் லீவு கிடைக்கும் ஞாயிறு எல்லாம் போகிறோம்.

ஒரு மாற்றம் மட்டும். அவர் ஓட்டுகிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து புள்ளி வைக்கிறேன்.

உங்கள் வீட்டில் யாராவது வண்டியில் அந்த ஒயரை வெட்டி வைத்திருந்தால் இந்தத் திரெட்டை அவர்களுக்கு அனுப்புங்கள். திட்ட வேண்டாம், அனுப்பினால் போதும்.


உங்கள் அரசு மருத்துவன்